ஒற்றைச் சாட்சியை நம்பாத விமானம்

காட்டுப்பள்ளிக் கரைக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய். தெற்கே காமராஜர் துறைமுகமும் எண்ணூரும். வடக்கே பழவேற்காடு ஏரியைக் கடந்தால் ஸ்ரீஹரிகோட்டா. கிழக்கே கடலில், துறைமுகத்துக்குள் நுழைய முறை பார்த்து கன்டெய்னர் கப்பல் நங்கூரமிட்டு நிற்கும். அதற்கும் கரைக்கும் நடுவே மீனவர்களின் ஃபைபர் படகுகள். மேலே, மீனம்பாக்கத்தை நோக்கி உயரம் குறைத்துக்கொண்டே போகும் பயணிகள் விமானம். படகில் இருப்பது கையடக்கக் கருவி, கப்பலில் மின்னணு வரைபடம், விமானத்தில் எஃப்.எம்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் வழிநடத்துக் கணினி. மூன்றும் ‘நான் இப்போது எங்கே இருக்கிறேன்’ என்று கேட்பது ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிடம்தான். ஆனால் கிடைத்த பதிலை எவ்வளவு தூரம் நம்புவது என்பதில் விமானத் துறையின் வழக்கம் தனி. செயற்கைக்கோளை அது நம்புகிறது. அதை மட்டும் நம்புவதில்லை. விமானப் பயணம் இன்று இவ்வளவு பத்திரமாக இருப்பதற்கு இந்தச் சந்தேகப் புத்தி ஒரு முக்கியக் காரணம். அதற்குச் செலவாகிறது. அந்தச் செலவை வீண் என்று வெட்டிவிடக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

‘எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே ஓட்டிவிடும், விமானி சும்மா உட்கார்ந்திருப்பார்’ என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். அதில் பாதி உண்மை உண்டு. விமானி அறையில் இரண்டு விமானிகளுக்கும் நடுவே, கைக்கெட்டும் இடத்தில், ஒரு சின்னத் திரையும் எழுத்து, எண் பொத்தான்களும் கொண்ட பலகை இருக்கும். எஃப்.எம்.எஸ்.-உடன் விமானி பேசுவது அதன் வழியாகத்தான். புறப்படும் முன் எங்கிருந்து எங்கே, எந்தப் பாதை, பயணிகளும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடை, எவ்வளவு எரிபொருள், மேலே காற்று எந்தத் திசையில் எந்த வேகத்தில் அடிக்கிறது என்பதையெல்லாம் அதில் ஏற்ற வேண்டும். ஒரு நிமிடத் தாமதத்தின் விலை எவ்வளவு, ஒரு கிலோ எரிபொருளின் விலை எவ்வளவு என்று விமான நிறுவனம் போட்டுவைத்திருக்கும் விகிதமும் ஓர் எண்ணாக உள்ளே போகும். உலகத்தின் ஓடுபாதைகள், வான்வழிகள், வழிப்புள்ளிகள் எல்லாம் அதன் நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும். 28 நாட்களுக்கு ஒருமுறை, உலகெங்கும் ஒரே நாளில், அந்தத் தரவு புதுப்பிக்கப்படுகிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு எந்த உயரத்தில், என்ன வேகத்தில் போவது, எங்கே இறங்கத் தொடங்குவது என்று அது கணக்குப் போடுகிறது. இறங்கும் கணக்கைப் பாருங்கள். ஆயிரம் அடி குறைக்க மூன்று கடல்மைல் வேண்டும் என்பது விமானிகளின் மனக்கணக்கு. 35,000 அடியில் வருகிற விமானத்துக்கு, வேகம் குறைக்கும் தூரத்தையும் சேர்த்தால், ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஆகும். கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வரும் விமானம் நெல்லூர் வட்டாரத்திலேயே மூக்கைத் தாழ்த்திவிட வேண்டும். தாமதித்தால் உயரம் மிஞ்சும். முந்திக்கொண்டால் தாழ்வான காற்றில் எரிபொருள் வீணாகும். மனிதர் தோராயமாகப் போடுகிற இந்தக் கணக்கை எஃப்.எம்.எஸ். காற்றையும் எடையையும் சேர்த்து நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் ஒரே ஓர் எண்ணை நம்பி நிற்கிறது: விமானம் இந்த நொடியில் எங்கே இருக்கிறது? அதை எஃப்.எம்.எஸ். ஜி.பி.எஸ்.-இடம் மட்டும் கேட்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. பெரிய பயணிகள் விமானங்களில் வழக்கமாக மூன்று நிலைமக் கருவிகள் இருக்கும். லேசர் ஒளியால் சுழற்சியையும், முடுக்கமானிகளால் வேக மாற்றத்தையும் அளந்து, ‘புறப்பட்ட இடத்திலிருந்து இவ்வளவு தூரம் இந்தத் திசையில் வந்திருக்கிறோம்’ என்று அவை தாமாகவே கூட்டிச் சொல்லும். வெளியிலிருந்து எந்த சிக்னலும் அவற்றுக்குத் தேவையில்லை. ஆகவே அவற்றை வெளியிலிருந்து எவரும் ஏமாற்ற முடியாது. ஆனால் சிறு பிழைகள் சேர்ந்து, மணிக்கு ஒரு கடல்மைல் அளவில் அவை மெல்ல விலகிப்போகும். அடுத்தது தரை நிலையங்கள். வி.ஓ.ஆர். நிலையம் திசையைச் சொல்லும். டி.எம்.இ. நிலையம் விமானத்தின் கேள்விக்கு உடனே பதில் அனுப்பும். பதில் வந்து சேர்ந்த நேரத்தை வைத்துத் தூரம் தெரியும். இரண்டு டி.எம்.இ. கிடைத்தாலே எஃப்.எம்.எஸ். தன் இடத்தை ஓரளவு கணித்துவிடும். உயரத்துக்குக் காற்றழுத்தமானி. தரையை நெருங்கும்போது ரேடியோ உயரமானி. இந்தக் கூட்டத்தில் மிகத் துல்லியமானது ஜி.பி.எஸ்.; அதனால் கணினி அதன் பேச்சுக்கே அதிக எடை தருகிறது. மற்றவை பின்னால் நின்று அதைச் சரிபார்க்கின்றன.

செயற்கைக்கோள் வந்ததால் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் அல்ல. சென்னையிலிருந்து போர்ட் பிளேர், இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரம், ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர். வி.ஓ.ஆர். நிலையம் உயரப் பறக்கும் விமானத்துக்குக்கூட 200 கடல்மைல் வரைதான் எட்டும். சென்னை நிலையம் கைவிட்ட இடத்துக்கும் அந்தமான் நிலையம் கைகொடுக்கும் இடத்துக்கும் நடுவே 600 கிலோமீட்டருக்கு மேல் வங்கக்கடலில் தரையின் குரலே கேட்காது. முன்பெல்லாம் அந்தத் தூரத்தை நிலைமக் கருவியின் கணக்கை நம்பியே கடந்தார்கள். அக்கரை சேரும்போது சில கிலோமீட்டர் பிசகியிருக்கும், நிலையத்தின் சிக்னல் கிடைத்ததும் திருத்திக்கொள்வார்கள். இப்போது நடுக்கடலிலும் சில மீட்டர் துல்லியத்தில் இடம் தெரிகிறது. அதனால் விமானங்களுக்கு இடையே விடும் தூரத்தைக் குறைக்கவும், வளைந்த பாதைகளை நேராக்கவும் முடிகிறது. எரிபொருள் மிச்சமாகிறது, புகையும் குறைகிறது.

ஜி.பி.எஸ். பொதுமக்கள் கைக்கு வந்த கதையே ஒரு விமானம் வழி தவறியதில்தான் தொடங்குகிறது. 1983 செப்டம்பர் 1 அன்று கொரியன் ஏர்லைன்ஸின் 007 விமானம் அலாஸ்காவிலிருந்து சியோலுக்குப் போகும் வழியில் சிறிது சிறிதாக விலகி சோவியத் வான்வெளிக்குள் புகுந்தது. போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியதில் 269 பேர் இறந்தார்கள். அந்த மாதமே அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு, ஜி.பி.எஸ். தயாரானதும் உலகப் பொதுப் பயன்பாட்டுக்குத் தரப்படும் என்று அறிவித்தது. இதிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட பாடம், ‘இடம் துல்லியமாகத் தெரிந்திருந்தால் விபத்து நடந்திருக்காது’ என்பது. ஆனால் அந்த போயிங் 747-இல் மூன்று நிலைமக் கருவிகள் இருந்தன. தானியங்கி அவற்றைப் பின்பற்றாமல் ஒரு திசையைப் பிடித்துக்கொண்டு போனது, பல மணி நேரம் அது கவனிக்கப்படவில்லை என்பதே பின்னர் சர்வதேச விசாரணை வந்தடைந்த முடிவு. மூன்று சாட்சிகள் விமானத்துக்குள்ளேயே இருந்தார்கள். அவர்களை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

துல்லியம் தன்னளவில் பாதுகாப்பு அல்ல என்பதை அதைவிடக் கூர்மையாகக் காட்டுவது கொலம்பியாவில் நடந்தது. 1995 டிசம்பர் 20 இரவு, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 965 விமானம் மலைகளுக்கு நடுவே உள்ள காலி நகரத்தில் இறங்க வந்தது. வேறு ஓடுபாதையில் நேராகவே இறங்கிவிடலாம் என்று கட்டுப்பாட்டு நிலையம் சொன்னது. நேரம் மிச்சம், விமானிகளும் ஒப்புக்கொண்டார்கள். அவசரத்தில் ரோசோ என்ற ரேடியோ நிலையத்தை நோக்கிப் போக எஃப்.எம்.எஸ்.-இல் ‘ஆர்’ என்ற ஓர் எழுத்தை அடித்தார்கள். கையில் இருந்த வரைபடத்தில் ரோசோவின் அடையாளம் அந்த ஓர் எழுத்துதான். கணினியின் பட்டியலில் அந்த எழுத்துக்கு முதலில் வந்ததோ தலைநகர் பொகோட்டாவுக்கு அருகில் உள்ள ரோமியோ. விமானம் சொன்னபடி கேட்டு இடப்பக்கம் திரும்பியது. தவறு புரிந்து மீண்டும் வலப்பக்கம் திருப்பியபோது நடுவில் மலை வந்துவிட்டது. 159 பேர் இறந்தார்கள். விமானம் எங்கே இருக்கிறது என்பது கணினிக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. எங்கே போகவேண்டும் என்று அதற்குச் சொல்லப்பட்டதுதான் தவறு. திரை காட்டும் கோட்டில் தயக்கம் ஏதும் தெரிவதில்லை. சரியான பாதையையும் தவறான பாதையையும் அது ஒரே நிறத்தில், ஒரே நேர்த்தியோடு வரைந்து காட்டும்.

நம்மவர்கள் அதிகம் பயணம் செய்யும் வழித்தடம் ஒன்றிலும் இப்படி நடந்திருக்கிறது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. 2015 மார்ச் 10 அன்று சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட இருந்த ஏர் ஏசியா எக்ஸ் விமானத்தில், நிலைமக் கருவிகளுக்குத் தொடக்க இடத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. விமானம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வெளியே பலகையில் எழுதியிருக்கும். அதைப் பார்த்து கேப்டன் அடித்தார். 151 டிகிரி 9.8 நிமிடம் கிழக்கு என்று இருக்க வேண்டியது 15 டிகிரி 19.8 நிமிடம் என்று பதிவானது. ஓர் எண் இடம் மாறியதில் விமானம், தன் கணக்கில், ஆஸ்திரேலியாவை விட்டு 11,000 கிலோமீட்டருக்கு அப்பால், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனை ஒட்டிய அட்லாண்டிக் கடலில் நின்றது. எச்சரிக்கைச் செய்திகள் வந்தன. அவை கவனிக்கப்படவில்லை, அல்லது சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை. விமானம் மேலெழுந்து தானியங்கியைப் போட்டதும், நேராகப் போகவேண்டியது இடப்பக்கம், பக்கத்து ஓடுபாதையின் புறப்பாட்டுப் பாதையை நோக்கித் திரும்பியது. பிறகு கோளாறைச் சரிசெய்யப் பார்த்ததில் இன்னும் சில கருவிகள் கைவிட்டன. சிட்னியில் மேகம் தாழ்ந்திருந்ததால் அங்கேயே திரும்பி இறங்கவும் முடியாமல், கட்டுப்பாட்டு நிலையத்தின் துணையோடு மெல்போர்னில் இறக்கினார்கள். தவறாக அடிப்பதைத் தடுக்கும் மேம்பட்ட எஃப்.எம்.எஸ். அந்த விமானத்தில் பொருத்தப்படவில்லை என்றது ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் அறிக்கை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மேலே சொன்னதெல்லாம் மனிதர் செய்த பிழைகள்தானே? நல்ல கணினியையும் செயற்கைக்கோளையும் முழுதாக நம்பி மனிதக் கையை விலக்கிவிட்டால் தீர்ந்ததே! இதில் பாதியை நான் ஏற்கிறேன். இன்றைய விமானங்களில் தொடக்க இடத்தை ஜி.பி.எஸ்.-உடன் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் கணினி ஏற்க மறுக்கும். சிட்னியில் நடந்தது இனி நடப்பது அரிது. மறு பாதியை ஏற்க முடியவில்லை. ஏனென்றால் இப்போது பொய் சொல்லத் தொடங்கியிருப்பது, சொல்லவைக்கப்பட்டிருப்பது, செயற்கைக்கோளின் குரலே.

ஜி.பி.எஸ். சிக்னல் தரைக்கு வந்து சேரும்போது எவ்வளவு மெலிந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே கடினம். ஒரு வாட்டை நூறு கோடி கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஆன்டெனாவில் விழுகிறது. அந்த முணுமுணுப்பிலிருந்து நேரத்தைப் பிரித்தெடுத்து, நான்கு செயற்கைக்கோள்களின் நேரங்களை ஒப்பிட்டு, கருவி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். ஆகவே நேரத்தில் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் போய்விடும். இவ்வளவு மெலிந்த ஒலிக்குப் பக்கத்தில் அதே அலைவரிசையில் யாராவது இரைச்சல் போட்டால் கருவிக்கு எதுவும் கேட்காது. இதை ஜாமிங் என்கிறார்கள். இது வெளிப்படையான தடை, ஜி.பி.எஸ். போய்விட்டது என்பது விமானிக்கு உடனே தெரியும், வேறு வழிக்கு மாறிவிடுவார். ஆபத்து ஸ்பூஃபிங்கில்தான் அதிகம். செயற்கைக்கோளைப் போலவே பேசி, சற்று உரத்த குரலில், தவறான நேரத்தை ஊட்டுவது அது. கருவி அதை நம்பிவிடும். விமானம் ஓரிடத்தில் இருக்க, திரை வேறோர் இடத்தைக் காட்டும். மலை வருகிறது என்று எச்சரிக்கும் அமைப்பும் இடத்தை ஜி.பி.எஸ்.-இடம் கேட்டுக்கொள்வதால், சமவெளியின் மேல் பறக்கும்போது ‘மேலே இழு’ என்று கத்தும். இப்படிப் பொய்யாகக் கத்தும் எச்சரிக்கையை விமானிகள் சட்டை செய்யாமல் பழகிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கவலை.

இது எங்கோ போர்முனையில் நடக்கும் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. 2023 நவம்பரிலிருந்து 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதிகளில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு வட்டாரங்களில், 465 ஜி.பி.எஸ். குறுக்கீடுகள் பதிவாகியிருப்பதாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. 2025 நவம்பரில் தலைநகரிலேயே நடந்தது: டெல்லி விமான நிலையத்தின் 10-ஆம் எண் ஓடுபாதையில் ஜி.பி.எஸ். அடிப்படையில் இறங்க வந்த சில விமானங்களுக்குப் பொய் சிக்னல் கிடைத்தது. அந்த ஓடுபாதையின் ஐ.எல்.எஸ். கருவி அப்போது மேம்பாட்டுப் பணியில் இருந்தது. ஐ.எல்.எஸ். என்பது ஓடுபாதைக்கு அருகிலேயே நிற்கும் ஆன்டெனாக்களிலிருந்து இரண்டு ரேடியோ கற்றைகளை வீசி, ஒன்றால் இட வலத்தையும் மற்றொன்றால் மூன்று டிகிரிச் சரிவையும் காட்டும் பழைய ஏற்பாடு. அதன் சிக்னல் வலுவானது, பக்கத்திலிருந்தே வருவது. பழைய தரைக் கருவிகள் வேலைசெய்த மற்ற ஓடுபாதைகளில் போக்குவரத்து பாதிக்கப்படவில்லை என்று அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு தெரிவித்தார். அதே பதிலில், ஜி.பி.எஸ். குறுக்கீடு குறித்த தகவல்கள் வந்த விமான நிலையங்களின் பட்டியலில் சென்னையின் பெயரும் இருந்தது.

‘இத்தனை குறுக்கீடுகளில் ஒரு விமானம்கூட விழவில்லையே, பிறகு எதற்கு இந்தப் பயம்?’ என்று கேட்கலாம். விழாததற்குக் காரணம் என்ன என்று திருப்பிக் கேட்டால் விடை கிடைத்துவிடும். நிலைமக் கருவி ஒரு பக்கம் இழுத்தது, டி.எம்.இ. தூரம் பொருந்தவில்லை, கட்டுப்பாட்டு நிலைய ராடார் வேறு இடத்தைச் சொன்னது, விமானி ஐயப்பட்டார். வேறு சாட்சிகள் இருந்ததால் பொய் அம்பலமானது. மற்ற சாட்சிகளை அனுப்பிவிட்ட நீதிமன்றத்தில் இதே பொய் என்ன செய்யும் என்பதை எஸ்டோனியாவின் தார்த்து நகரம் ஓரளவு காட்டியது. அந்தச் சிறு விமான நிலையத்தில் இறங்கும் முறைகள் ஜி.பி.எஸ்.-ஐயே நம்பியிருந்தன. 2024 ஏப்ரலில் குறுக்கீட்டால் இரண்டு விமானங்கள் இறங்க முடியாமல் ஹெல்சின்கிக்குத் திரும்பின. ஃபின்ஏர் நிறுவனம் ஒரு மாதம் சேவையையே நிறுத்திவைத்தது. ஜி.பி.எஸ். இல்லாமல் இறங்க மாற்று முறை ஏற்படுத்திய பிறகே விமானங்கள் திரும்ப வந்தன. யாருக்கும் காயமில்லை. ஆனால் ஒரு நகரத்தின் விமானத் தொடர்பு மொத்தமும் யாரோ ஒருவரின் டிரான்ஸ்மிட்டரை நம்பி நிற்பது வெட்ட வெளிச்சமானது.

சரி, வெளிநாட்டு ஜி.பி.எஸ்.-ஐ நம்புவதால்தானே இந்தத் தொல்லை, நமக்கென்று நாவிக் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். காட்டுப்பள்ளிக்கு வடக்கே, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, 2013 ஜூலை 1 அன்று இந்தியாவின் முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோள் கிளம்பியது. தன் நாட்டுக்கென்று ஒரு வழிகாட்டி அமைப்பு வேண்டும் என்ற முடிவு சரியானதே. ஆனால் அந்த அமைப்பு பட்ட பாட்டையும் பார்க்க வேண்டும். முதல் செயற்கைக்கோளின் அணுக் கடிகாரங்கள் பழுதாயின. மாற்றாக 2017 ஆகஸ்ட் 31 அன்று ஏவியது வெப்பக் கவசம் பிரியாததால் ராக்கெட்டுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. 2025 ஜனவரி 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலாகப் போன என்.வி.எஸ்.-02, எஞ்சினுக்கு எரிபொருளை எரிக்கும் ஆக்ஸிகரணி செல்லும் பாதையின் வால்வுகள் திறக்காததால், உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. நம் விஞ்ஞானிகளைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. விண்வெளியில் இப்படி நடக்கத்தான் செய்யும். நடக்கும் என்று தெரிந்துகொண்டு அதை ஒற்றைத் தூணாக வைக்கக் கூடாது என்பதே என் பேச்சு. நாவிக் முழுவதும் தயாரானாலும் அதன் சிக்னலும் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மெலிந்தே வரும். அதையும் அமுக்கலாம், அதைப் போலவும் பேசலாம். இன்னொரு சாட்சி என்ற அளவில் அது பெரும் பலம். ஆனால் அதே பலவீனத்தோடு வரும் சாட்சி.

இந்தியா இந்தத் துறையில் செய்த வேலைகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ககன். செய்தித்தாள்களில் அதிகம் அடிபடாத பெயர். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்தது. நாடெங்கும் 15 நிலையங்கள், திருவனந்தபுரத்திலிருந்து போர்ட் பிளேர் வரை, தங்கள் இடம் துல்லியமாகத் தெரிந்தபடி ஜி.பி.எஸ்.-ஐக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. ஜி.பி.எஸ். சொல்வதற்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெங்களூருவில் உள்ள கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டு, ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியாகத் திருத்தத்தை விமானங்களுக்கு அனுப்புகிறது. திருத்தத்தோடு ஓர் எச்சரிக்கையும் வரும்: இந்த ஜி.பி.எஸ். செயற்கைக்கோளை இப்போது நம்பாதே என்று. அமெரிக்காவும் ஐரோப்பாவும் இதே போன்ற அமைப்பை முன்பே செய்துவிட்டன. நமக்கு அது அவ்வளவு எளிதாக அமையவில்லை. காரணம் நம் தலைக்கு மேலே உள்ள அயனி மண்டலம். காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். அந்தக் கோட்டுக்கு இருபுறமும் அயனி மண்டலம் மேடுபோல் குவிந்து நிற்கும். சூரியன் மறைந்த பின் அதில் குமிழிகள் கிளம்பி சிக்னலை மினுங்க வைக்கும். அந்த நாடுகளின் கணக்கு இங்கே எடுபடாது என்பதால் இஸ்ரோ தனிக் கணக்கு முறையையே உருவாக்க வேண்டியிருந்தது. 2013 டிசம்பர் 30 அன்று விமானப் பாதைகளுக்கும், 2015 ஏப்ரலில் இறங்கும் முறைகளுக்கும் ககன் சான்று பெற்றது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ககன் துணையோடு இறங்கிக் காட்டியது. ஐ.எல்.எஸ். வாங்கிப் பொருத்தி, ஆண்டுதோறும் சோதித்துப் பராமரிக்க வசதியில்லாத சிறு விமான நிலையங்களுக்கு இது வரப்பிரசாதம்.

சிக்கன வாதம் வலுப்பெறுவதும் இங்கேதான். ககன் இருக்கும்போது ஐ.எல்.எஸ்., வி.ஓ.ஆர். எல்லாம் எதற்கு? ஒவ்வொன்றுக்கும் நிலம், மின்சாரம், ஊழியர்கள், சோதனை விமானம் என்று செலவு. கேள்வி நியாயமானது. எல்லாச் சிறு நிலையங்களிலும் எல்லாக் கருவிகளும் வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. வேலூர் போன்ற ஒரு சிறு நிலையத்தில் செயற்கைக்கோளை மட்டும் வைத்து இறங்கும் முறை இருக்கட்டும். அந்த விமானத்தின் மாற்று நிலையமாகக் குறிக்கப்படும் சென்னையிலோ பெங்களூருவிலோ செயற்கைக்கோள் வேண்டாத வழி ஒன்று எந்நேரமும் உயிரோடு இருந்தாக வேண்டும். ககன் திருத்துவது ஜி.பி.எஸ்.-இன் பிழையை, ஓடுபாதைக்கு அருகே யாரோ வைத்திருக்கும் பொய்க் குரலை அதனால் அடக்க முடியாது. பணக்கார நாடான அமெரிக்காவே வி.ஓ.ஆர். நிலையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மூடிவந்தாலும், எந்த இடத்திலிருந்தும் ஜி.பி.எஸ். இல்லாமல் ஒரு நிலையத்தில் இறங்க முடிகிற அளவுக்கு மீதியை வைத்துக்கொள்கிறது. குறைந்தபட்சத் தரைக் கட்டமைப்பு நம் நாட்டிலும் தொடரும் என்று அமைச்சர் சொன்ன உறுதி வரவேற்கத்தக்கது. ஆனால் டெல்லி காட்டியது வேறு ஒரு நுணுக்கம்: கருவி கணக்கில் இருந்தால் போதாது, பராமரிப்புக்காக அதை அணைக்கும் வாரங்களுக்கும் மாற்று ஏற்பாடு யோசிக்கப்பட்டிருக்க வேண்டும். பரந்தூரில் புதிய விமான நிலையம் திட்டமிடும் இந்த நேரத்தில், ஓடுபாதைக்கு எத்தனை ஐ.எல்.எஸ். என்ற கேள்வி, எத்தனை கடைகள் என்ற கேள்விக்கு முன்னால் வரவேண்டும்.

கடல் பக்கம் நிலைமை இன்னும் மெத்தனம். கப்பல்களிலும் ராடார் உண்டு, கலங்கரை விளக்கம் தெரியும், ஆழமானி இருக்கிறது, பார்வைக்கு ஆள் நிற்பார். ஆனால் மின்னணு வரைபடத்தின் நடுவில் கப்பலின் உருவம் பளிச்சென்று நகரும்போது மற்றவற்றைப் பார்க்கும் பழக்கம் தளர்கிறது. 2025 மே மாதம் ஜெட்டாவுக்கு அருகே செங்கடலில் எம்.எஸ்.சி. அன்டோனியா என்ற கன்டெய்னர் கப்பல் தரைதட்டியது, ஜி.பி.எஸ். குழப்பமே காரணமாக இருக்கலாம் என்று கப்பல் போக்குவரத்தைக் கண்காணிப்பவர்கள் கருதினார்கள். பொய் சிக்னல் ஏதும் இல்லாமலேயே வடசென்னை பட்ட அடி எல்லோருக்கும் நினைவிருக்கும். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, எரிவாயுவை இறக்கிவிட்டுக் கிளம்பிய பி.டபிள்யூ. மேப்பிளும் எண்ணெய்ப் பொருட்களோடு உள்ளே வந்த டான் காஞ்சிபுரமும் மோதிக்கொண்டன. கெட்டியான எண்ணெய் தெற்கே நகர்ந்து எர்ணாவூர்ப் பாறைகளில் படிந்தது. அதை ஆட்கள் வாளியில் அள்ளி எடுத்தார்கள். இடம் தெரியாமல் நேர்ந்த மோதல் அல்ல அது. இரண்டு கப்பல்களிலும் இடம்காட்டும் கருவிகள் இருந்தன.

படகுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்து மீன் கிடைக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளும் வித்தை நம் கடலோரத்தில் இருந்தது. இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. கையடக்க ஜி.பி.எஸ். வந்த பிறகு இளைஞர்களுக்கு அது தேவைப்படவில்லை, அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பழைய அடையாளங்களையும் மனக்கணக்கையும் வைத்துக் கருவியைச் சரிபார்ப்பதும், வி.ஓ.ஆர். ஊசியைப் பார்த்து எஃப்.எம்.எஸ்.-ஐச் சரிபார்ப்பதும் ஒரே வேலைதான். விமானியை அதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் உட்காரவைத்துச் சோதிக்கிறார்கள், படகோட்டியை யாரும் சோதிப்பதில்லை.

2025 நவம்பரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், ஜி.பி.எஸ். குழப்பம் தெரிந்தால் பத்து நிமிடத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் வந்த தகவல் எங்கே போகிறது என்பதே இப்போதைய கேள்வி. 465 என்ற எண் நாடாளுமன்றத்தில் கேட்டதால் வெளியே வந்தது. சென்னை பட்டியலில் இருக்கிறது என்பதும் அப்படித்தான் தெரிந்தது. எத்தனை முறை, எந்த உயரத்தில், எந்தத் திசையில் என்பது அதில் இல்லை. மாதந்தோறும் இந்த விவரத்தை விமான நிலையவாரியாக வெளியிடுவதில் ரகசியம் கெட எதுவும் இல்லை. குறுக்கீடு செய்பவருக்குத் தான் செய்தது முன்பே தெரியும், தெரியாமல் இருப்பவர்கள் நாம்தான். வானில் விமானத்துக்குக் கேட்கும் பொய்க் குரல் கடற்கரையை ஒட்டி எழுந்தால் கீழே கப்பலுக்கும் படகுக்கும் கேட்கக்கூடும். ஆகவே மீனம்பாக்கத்தில் பதிவாகும் எச்சரிக்கை அதே நேரத்தில் காட்டுப்பள்ளி, காமராஜர் துறைமுகங்களின் கப்பல் கட்டுப்பாட்டு அறைகளுக்கும், மீன்வளத் துறை வழியாகப் படகுகளுக்கும் போய்ச் சேர வேண்டும்.